அமெரிக்கரை அமெரிக்கராக்குவது எது?

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவரைக் குடிவரவுத் துறை அதிகாரி எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். சுதந்திரப் பிரகடனத்தில் உள்ள உரிமைகளில் இரண்டைச் சொல்லுங்கள். சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன? மொத்தம் எத்தனை செனட்டர்கள்? பத்துக் கேள்வியில் ஆறுக்குச் சரியாகப் பதில் சொன்னால் தேர்ச்சி என்று வெகுகாலம் இருந்தது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு இருபதில் பன்னிரண்டு. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வாசிக்கவும் ஒரு வாக்கியம் எழுதவும் தெரிய வேண்டும். தேறியவர் இன்னொரு நாள் போய், கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுப்பார். வேறு எந்த நாட்டின் மேலும் இருந்த விசுவாசத்தை முழுவதுமாகத் துறக்கிறேன், அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தைக் காப்பேன் என்பது அதன் சாரம். இந்தியராக உள்ளே போனவர் அமெரிக்கராக வெளியே வருகிறார். (அதோடு இந்தியக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை என்பதால் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.)

அந்தத் தேர்வில் குலம் கோத்திரம் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. இது சாதாரண விஷயம் கிடையாது. பெரும்பாலான நாடுகளில் தேசம் என்ற எண்ணம் ஒரு மொழியையோ ஒரு வம்சத்தையோ பற்றிக்கொண்டுதான் வளர்ந்தது. ஜெர்மனியில் 2000ஆம் ஆண்டு வரை, அங்கேயே பிறந்த துருக்கித் தொழிலாளியின் பிள்ளைக்குக்கூடப் பிறப்பால் குடியுரிமை கிடைக்கவில்லை. அமெரிக்கர்களோ தங்கள் நாடு சில நம்பிக்கைகளின் மேல் கட்டப்பட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மனிதர் எல்லோரும் சமம், உரிமைகள் பிறப்போடு வருபவை, மக்களின் சம்மதம் இல்லாமல் ஆட்சி இல்லை, உழைத்தால் முன்னேறலாம். இவற்றை ஏற்றுக்கொண்டவர் எங்கிருந்து வந்தாலும் அமெரிக்கராகலாம் என்பது அந்தப் பெருமையின் உள்ளடக்கம்.

அது பாதி உண்மை. அதே நாட்டில், அதே நாளிலிருந்து, இன்னொரு நம்பிக்கையும் இருந்துவந்திருக்கிறது: இந்த நாடு இதை உருவாக்கிய வெள்ளையரின் வாரிசுகளுக்குச் சொந்தமானது என்ற நம்பிக்கை. சட்டப் புத்தகத்தில் இரண்டாவது நம்பிக்கை பல பத்தாண்டுகள் வெளிப்படையாகவே ஆட்சி செய்தது. முதலாவதைப் பிடித்து நிறுத்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை எழுதியவர்களோ அவர்களுடைய வாரிசுகளோ அல்ல, அதற்குள் இடமில்லை என்று துரத்தப்பட்டவர்கள். அமெரிக்க லட்சியங்களின் வரலாற்றை இந்தப் பக்கமிருந்து பார்த்தால்தான் அது புரியும் என்பது என் எண்ணம்.

பிலடெல்பியா மாடியறை

1776 ஜூன் மாதம் தாமஸ் ஜெபர்சனுக்கு வயது 33. பிலடெல்பியாவில் ஜேக்கப் கிராஃப் என்ற கொத்தனாரின் வீட்டு மாடியில் வாடகைக்கு அறைகள் எடுத்து, மடியில் வைத்து எழுதும் சின்ன மேசையில், பிரிட்டனிடமிருந்து விடுதலையை அறிவித்த சுதந்திரப் பிரகடனத்தின் வரைவை எழுதினார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடும் முயற்சி ஆகிய உரிமைகளைப் படைத்தவன் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறான், அவற்றை யாரும் பறிக்க முடியாது என்ற வாக்கியம் அங்கே பிறந்தது. அந்த நாட்களில் அவருக்குப் பணிவிடை செய்ய வர்ஜீனியாவிலிருந்து கூட வந்தவர் ராபர்ட் ஹெமிங்ஸ் என்ற 14 வயதுப் பையன். அவன் ஜெபர்சனின் அடிமை. ஜெபர்சனுடைய மனைவிக்கு அவன் தம்பி முறையும்கூட. இருவருக்கும் அப்பா ஒருவரே, அம்மாதான் வேறு. சமத்துவத்தைப் பற்றிய அந்த வாக்கியம் எழுதப்பட்ட வீட்டில் அவனும் இருந்தான்.

வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு நீண்ட பத்தி இருந்தது. பழியை முழுக்க இங்கிலாந்து அரசர் மேல் போட்ட பத்தி அது. மாநாட்டில் கூடிய உறுப்பினர்கள் அதை அப்படியே வெட்டி எடுத்தார்கள். தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் எதிர்த்தன என்றும், அடிமைகளைக் கப்பலில் ஏற்றிச் சம்பாதித்த வடக்கத்தியவர்களுக்கும் அது உறுத்தியது என்றும் ஜெபர்சன் பின்னால் எழுதினார். அவரே தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். பூர்வகுடிகளைப் பற்றிப் பிரகடனம் பேசும் ஒரே இடத்தில் அவர்கள் இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று வருகிறார்கள். அரசமைப்புச் சட்டம் எழுதி முடித்து ஆட்சி தொடங்கியதும், 1790இல் வந்த முதல் குடியுரிமைச் சட்டம் யார் அமெரிக்கராகலாம் என்று தெளிவாகச் சொன்னது: சுதந்திரமான வெள்ளையர். அடிப்படையில் அந்த நிபந்தனை ஏதோ ஒரு வடிவில் 1952 வரை சட்டத்தில் இருந்தது.

இதைப் பார்த்து, பிரகடனமே வெறும் பாசாங்கு என்று முடிவுகட்டிவிடலாம். அப்படிச் சொல்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வாக்கியத்தால் அதிகம் ஏமாற்றப்பட்டவர்களே அதை அப்படித் தூக்கி எறியவில்லை.

பிரெடரிக் டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பியவர். 1852இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரப் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கத்தினர் சுதந்திர தின உரைக்கு அவரை அழைத்தார்கள். அவர் ஜூலை 4 அன்று பேசவில்லை, 5ஆம் தேதி பேசினார். பேச்சின் முதல் பகுதியில் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களை வீரர்கள் என்று மனதாரப் பாராட்டினார். அந்தக் கொள்கைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் தொடக்கம் முதலே உங்கள் நாடு, உங்கள் தந்தையர், உங்கள் சுதந்திரம் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். அப்புறம்தான் கேட்டார்: இந்த ஜூலை 4 ஓர் அடிமைக்கு என்ன? அவருக்கு அந்தக் கொள்கைகள் பொய்யாகத் தெரியவில்லை. அவற்றை நம்புவதாகச் சொல்லிக்கொண்டே மனிதரை ஏலம் விடும் நாடுதான் பொய்யாகத் தெரிந்தது. அமெரிக்காவில் அதற்குப் பின் வந்த எந்த உரிமைப் போராட்டத்தை எடுத்தாலும் இந்த வாத முறையைப் பார்க்கலாம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1848 ஜூலையில், செனிகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் கூடிய பெண்கள் மாநாடு இதைச் செய்திருந்தது. எலிசபெத் கேடி ஸ்டான்டன் எழுதிய அறிக்கை, ஜெபர்சனின் வாக்கிய அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு ஆண்களும் பெண்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று தொடங்கியது. அரசர் மேல் ஜெபர்சன் அடுக்கிய குற்றச்சாட்டுகளின் இடத்தில் ஆண்கள் மேலான குற்றச்சாட்டுகள் வந்தன. நூறு பேர் கையெழுத்திட்டார்கள். கூட்டத்தில் இருந்து, வாக்குரிமைத் தீர்மானத்துக்கு ஆதரவாகப் பேசியவர்களில் டக்ளஸும் ஒருவர். பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வர 1920 ஆயிற்று.

லிங்கனும் ஸ்டீபன்ஸும்

1857இல், டிரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ராஜர் டேனி, கருப்பினத்தவர் இந்நாட்டின் குடிமக்களாக முடியாது, பிரகடனம் அவர்களை மனதில் வைத்து எழுதப்படவே இல்லை என்று தீர்ப்பளித்தார். எழுதியவர்களே அடிமைகளை வைத்திருந்தார்களே, அவர்கள் நயவஞ்சகர்களாக இருக்க முடியுமா, ஆகவே அவர்கள் சொன்ன எல்லோரும் என்பது வெள்ளையர் எல்லோரும்தான் என்பது அவரது தர்க்கம்.

அடுத்த ஆண்டு, 1858 ஜூலை 10 அன்று, சிகாகோவில் ஆபிரகாம் லிங்கன் இதற்கு நேர் எதிரான வாதத்தை வைத்தார். என்னைப் பொறுத்தவரை அமெரிக்க அடையாளத்தைப் பற்றிய மிக முக்கியமான பேச்சு இதுதான், அவருடைய புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க் உரைகூட இதற்கு அடுத்ததுதான். ஜூலை 4 அன்று நம் முன்னோரைக் கொண்டாடுகிறோம், சரி, ஆனால் நம்மில் பாதிப் பேருக்கு அவர்கள் முன்னோரே கிடையாதே என்றார். ஜெர்மானியர், ஐரிஷ்காரர், பிரெஞ்சுக்காரர், ஸ்காண்டிநேவியர் எல்லாம் பின்னால் வந்தவர்கள். ரத்த வழியில் தேடினால் அந்த நாட்களோடு அவர்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் எல்லா மனிதரும் சமம் என்ற அந்த வரியை வாசிக்கும்போது, அதை எழுதியவர்களின் ரத்தமும் சதையுமாகவே தங்களை உணர அவர்களுக்கு உரிமை வந்துவிடுகிறது என்றார். அந்த வரியில் ஒருவரை விலக்கத் தொடங்கினால் அப்புறம் எங்கே நிறுத்துவது என்பது அவரது அடுத்த கேள்வி.

எதிர்த் தரப்பு எதையும் மறைக்கவில்லை. உள்நாட்டுப் போர் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, 1861 மார்ச் 21 அன்று, ஜார்ஜியாவின் சவானா நகரில் பேசிய, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் கூட்டமைப்புக்குத் துணை அதிபரான அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், ஜெபர்சன் காலத்துத் தலைவர்கள் இனங்கள் சமம் என்று நம்பியதுதான் பிழை என்றார். தங்கள் புதிய அரசின் மூலைக்கல், கருப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்ற உண்மை என்று அறிவித்தார். அந்தப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1863 நவம்பரில் கெட்டிஸ்பர்க் கல்லறைத் தோட்டத்தில் லிங்கன் நாட்டின் பிறந்த ஆண்டைச் சொல்ல 87 ஆண்டுகள் பின்னால் போனது தற்செயல் அல்ல. 1863இலிருந்து 87ஐக் கழித்தால் 1776, பிரகடனத்தின் ஆண்டு. அரசமைப்புச் சட்டம் எழுதிய 1787ஐ அவர் எடுக்கவில்லை. சமத்துவ வரியைத்தான் நாட்டின் அஸ்திவாரமாக அவர் வைத்தார். பலருக்கு அப்போதே அது பிடிக்கவில்லை.

போருக்குப் பின் 1868இல் வந்த 14ஆவது திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்து அதன் சட்ட வரம்புக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்றது. டேனியின் தீர்ப்பு அதோடு செத்தது. சமத்துவம் என்ற லட்சியம் முதல்முறையாகச் சட்டத்தின் உறுப்பானது இங்கேதான்.

நம்மவர்கள் நீதிமன்றம் போன கதை

பிறந்தவர்களுக்குச் சரி, வந்தவர்களுக்கு? 1870இல் குடியுரிமைச் சட்டம் வெள்ளையரோடு ஆப்பிரிக்க வம்சத்தாரையும் சேர்த்துக்கொண்டது. ஆசியர்கள் வெளியேதான். 1882இல் சீனத் தொழிலாளர்கள் வருவதற்கே தடை வந்தது.

தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியர் இருபது ஆண்டு அமெரிக்காவில் வாழ்ந்தவர். கலிபோர்னியாவில் படித்தார், வீட்டில் ஆங்கிலம்தான். நம்பிக்கைதான் அமெரிக்கரை உருவாக்குகிறது என்பது உண்மையானால் அவரைவிடத் தகுதியானவர் இருக்க முடியாது. 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர், ஜப்பானியர் அந்த இனமில்லை என்றது.

மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில், பஞ்சாபியரான பகத் சிங் திந்த் வழக்கு வந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய சீக்கியர். அன்றைய மானுடவியல் நூல்கள் வட இந்தியரைக் காக்கேசியர் என்று வகைப்படுத்தியிருந்தன, ஆகவே நான் வெள்ளையர் என்பது அவர் வாதம். அவர் தரப்பு இன்னொன்றும் சொன்னது: அவர் கலப்பில்லாத உயர்சாதி, அமெரிக்க வெள்ளையர் கருப்பரைத் திருமண விஷயத்தில் எப்படி ஒதுக்குகிறாரோ, அப்படியே உயர்சாதி இந்தியர் இந்தியாவின் ஆதிகுடிகளை ஒதுக்குகிறார். இதை வாசிக்கும்போது மனம் கூசுகிறது. சமத்துவத்தைப் பிறப்பு உரிமையாகச் சொல்லும் நாட்டுக்குள் நுழைய, சாதியைச் சான்றிதழாக நீட்டியிருக்கிறார்கள்.

அது எடுபடவும் இல்லை. காக்கேசியர் என்ற அறிவியல் சொல்லைத் தானே மூன்று மாதத்துக்கு முன் பிடித்துக்கொண்ட நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட், இப்போது அறிவியல் தேவையில்லை, சாதாரண மனிதர் வெள்ளையர் என்று யாரை நினைக்கிறாரோ அவரே வெள்ளையர் என்று எழுதினார். இந்தியாவில் ஆரிய வந்தேறிகள் கருத்த நிறத் திராவிடரோடு கலந்துவிட்டார்கள், அதைத் தடுக்க வந்த சாதி விதிகளும் முழுதாக வெற்றி பெறவில்லை என்ற குறிப்பும் அந்தத் தீர்ப்பில் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் திராவிடரைக் குறிப்பிட்ட இடம் இது. தீர்ப்பை எழுதிய சதர்லண்ட் இங்கிலாந்தில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர்.

தீர்ப்பின் விளைவு அதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அரசு அதைப் பறிக்கத் தொடங்கியது. வைஷ்ணோ தாஸ் பகாய் 1915இல் மனைவி கலா, மூன்று மகன்களோடு சான் பிரான்சிஸ்கோ வந்தவர். பிரிட்டிஷ் ஆட்சியில் வாழ விருப்பமில்லாமல் கிளம்பி வந்த குடும்பம். 1921இல் குடியுரிமை கிடைத்தது. திந்த் தீர்ப்புக்குப் பின் அது போயிற்று. குடிமகனல்லாத ஆசியர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற கலிபோர்னியச் சட்டத்தால் சொத்தும் போயிற்று. ஊருக்குப் போய்வர அமெரிக்க பாஸ்போர்ட் கேட்டபோது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் போகச் சொன்னார்கள். 1928இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த நாட்டை என் வீடாக்கிக்கொள்ளும் கனவோடு வந்தேன் என்று பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருந்தார்.

இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் வந்தது 1946இல். ஆண்டுக்கு நூறு பேர் வரலாம் என்று ஒரு கோட்டாவும் கொடுத்தார்கள். கலா பகாய் அதன் பிறகு குடியுரிமை பெற்றார். பஞ்சாபில் பிறந்த தலீப் சிங் சௌந்த் 1949இல் குடிமகனாகி, 1956இல் கலிபோர்னியாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானார்.

நூறு என்ற அந்த எண்ணை மாற்றியது எது? இந்தியர்களின் திறமை மட்டும் என்று நம் மக்கள் பலர் நினைக்கிறார்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் மார்ட்டின் லூதர் கிங் நின்று, பிரகடனத்தை நாடு எழுதிக்கொடுத்த கடன் பத்திரம் என்றும், கருப்பின மக்களுக்கு அது பணமில்லை என்று திரும்பிவந்த காசோலையாகிவிட்டது என்றும், அதைப் பணமாக்கவே வந்திருக்கிறோம் என்றும் பேசினார். டக்ளஸின் அதே வாதம், 111 ஆண்டு கழித்து. 1964இல் குடிமை உரிமைகள் சட்டம், 1965இல் வாக்குரிமைச் சட்டம். இனத்தின் பேரால் உள்ளூர்க்காரனை ஒதுக்கக் கூடாது என்று ஆனபின், இனத்தின் பேரால் வெளியூர்க்காரனை ஒதுக்கும் கோட்டாவை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. 1965 அக்டோபர் 3 அன்று, சுதந்திர தேவி சிலையின் அடியில் அதிபர் லிண்டன் ஜான்சன் புதிய குடிவரவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 20,000 பேர் வரை என்றானது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மருத்துவர்களும் பொறியாளர்களும் குடும்பத்தோடு போய் நிலைக்க வழி திறந்தது இந்தச் சட்டத்தால்தான். அலபாமாவில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய்த் தடியடி வாங்கிய கருப்பின மக்கள் திறந்த கதவு அது. அமெரிக்காவில் வசதியாக வாழும் தமிழர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொடிக்கு முன்னால்

நம்பிக்கையால் ஆன நாடு என்றால், அந்த நம்பிக்கையைப் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டுமே. அமெரிக்கப் பள்ளிகளில் காலையில் மார்பில் கை வைத்துச் சொல்லும் கொடி உறுதிமொழி 1892இல் பிரான்சிஸ் பெல்லமி என்ற பாப்டிஸ்ட் போதகர் எழுதியது. சோஷலிச எண்ணம் கொண்டவர். பள்ளிகளுக்குக் கொடி விற்ற ஒரு சிறுவர் பத்திரிகைக்காக எழுதினார். முதலில் என் கொடி என்றுதான் இருந்தது. குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் மனதுக்குள் பழைய நாட்டுக் கொடியை நினைத்துவிடுவார்களோ என்று 1920களில் அமெரிக்காவின் கொடி என்று மாற்றினார்கள். கையை முன்னால் நீட்டிச் சொல்லும் பழக்கம் இருந்தது. அது ஹிட்லர் வணக்கம் போல் தெரிந்ததால் 1942இல் மார்புக்குக் கை வந்தது. கடவுளின் கீழ் என்ற சொற்கள் சேர்ந்தது 1954இல், கம்யூனிச எதிர்ப்பு உச்சத்தில் இருந்தபோது. காலங்காலமாக வருவதாகத் தோன்றும் பல சடங்குகள் இப்படிச் சமீபத்தியவைதான்.

இந்த உறுதிமொழியைச் சொல்ல யெகோவா சாட்சிகள் மதப் பிரிவுப் பிள்ளைகள் மறுத்தார்கள். பள்ளிகள் அவர்களை வெளியேற்றின. 1940இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகள் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பை எழுதிய பீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர், வியன்னாவில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்த யூதர். பொதுப் பள்ளிதான் தன்னை அமெரிக்கராக்கியது என்பதில் அவருக்கு ஆழமான பற்று. அந்தத் தீர்ப்புக்குப் பின் யெகோவா சாட்சிகள் ஊர் ஊராகத் தாக்கப்பட்டார்கள். மூன்றே ஆண்டில், 1943 ஜூன் 14 அன்று, கொடி நாளிலேயே, நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அரசியலிலோ தேசப்பற்றிலோ மதத்திலோ எது சரியான கருத்து என்று எந்த அதிகாரியும், பெரியவரானாலும் சிறியவரானாலும், விதிக்க முடியாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். தேசப்பற்றைச் சொல்ல மறுக்கும் உரிமையும் அமெரிக்க லட்சியத்தில் அடக்கம் என்று ஆனது. கேரளத்தில் தேசிய கீதம் பாட மறுத்த மூன்று யெகோவா சாட்சிப் பிள்ளைகளின் வழக்கில், 1986இல் நம் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றபோது இந்தத் தீர்ப்பையும் எடுத்துக்காட்டியது.

உழைத்தால் உயரலாம்

அமெரிக்கக் கனவு என்ற தொடரைப் பரவலாக்கியவர் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர். ஆண்டு 1931, பெருமந்தத்தின் நடுவில், வேலையில்லாதவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். காரும் அதிகச் சம்பளமும் மட்டும் அந்தக் கனவு அல்ல, எந்தக் குடும்பத்தில் பிறந்தாலும் ஒருவர் தன் திறமைக்கு ஏற்ற முழு உயரத்தை அடையும் சமூக அமைப்பே கனவு என்று அவர் எழுதினார். நம் ஊரில் இந்தத் தொடருக்கு வீடு, கார், டாலர் என்று மட்டும் பொருள் ஆகிவிட்டது.

தன் கையே தனக்கு உதவி என்ற இந்த நம்பிக்கைக்குப் பின்னால் அரசின் கையும் இருந்தது. 1862இல் வந்த குடியிருப்பு நிலச் சட்டம், ஐந்து ஆண்டு தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. அது பூர்வகுடிகளிடமிருந்து எடுத்த நிலம். பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை கிடைத்தது 1924இல்தான்.

இந்த நம்பிக்கை நலத்திட்டங்களின் வடிவத்தையே தீர்மானித்தது. 1935இல் முதியோர் ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்த அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்துதான் நடத்த வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். நான் கட்டிய பணம் என்ற உணர்வு வந்துவிட்டால் பின்னால் வரும் எந்த அரசியல்வாதியும் அதில் கை வைக்க முடியாது என்று கணக்குப் போட்டார். கணக்குச் சரியாக இருந்தது. அந்தத் திட்டத்தை இன்றுவரை யாராலும் ஒழிக்க முடியவில்லை. ஏழை என்பதற்காகக் கொடுக்கும் உதவிகளோ ஒவ்வொரு பட்ஜெட்டிலும் வெட்டுக்கு முதலில் வந்து நிற்கின்றன.

கனவு பலிக்கிறதா? தில்லியில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா போன, தமிழ்க் குடும்பத்துப் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவர் குழுவும் கணக்கிட்டிருக்கிறார்கள். 1940இல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் தங்கள் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980களில் பிறந்தவர்களில் அது ஏறக்குறைய 50 சதவீதம். ஒரு நாட்டின் அடையாளமே முன்னேற்றம் என்ற வாக்குறுதியில் நிற்கும்போது இந்தச் சரிவு வெறும் பொருளாதாரச் செய்தியாக இருக்காது. வாக்குறுதி பொய்த்தவர்கள் அதை யார் பறித்தார்கள் என்று தேடத் தொடங்குவார்கள். வம்சத்தைப் பற்றிய அந்தப் பழைய நம்பிக்கைக்கு அப்போது வலு கூடும்.

இன்றைய சண்டை

2024 ஜூலையில் மில்வாக்கியில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் ஜே.டி. வான்ஸ் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றினார். அமெரிக்கா வெறும் கருத்து அல்ல, பொதுவான வரலாறும் பொதுவான எதிர்காலமும் கொண்ட மக்கள் கூட்டம் என்றார். கிழக்கு கென்டக்கி மலையில் தன் குடும்பத்துக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னார். மனிதர்கள் கருத்துகளுக்காகப் போரிட மாட்டார்கள், தங்கள் வீட்டுக்காகப் போரிடுவார்கள் என்றார். அவருடைய மனைவி உஷா இந்தியாவிலிருந்து குடியேறியவர்களின் மகள். புதியவர்களையும் சேர்த்துக்கொள்வோம், ஆனால் எங்கள் நிபந்தனைகளின்படி என்பதும் அந்த உரையில் உண்டு. சொந்த மண்ணின் மேல் இருக்கும் பாசத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த நாடும் வெறும் வாக்கியங்களால் மட்டும் வாழ்வதில்லை என்பதும் சரிதான். ஆனால் கல்லறைகளின் எண்ணிக்கையை வைத்து அமெரிக்கரை அளக்கத் தொடங்கினால், 1858இல் லிங்கன் எதிரே நின்றிருந்த பாதிப் பேர் அளவில் தேறியிருக்க மாட்டார்கள்.

2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே, அதிபர் டிரம்ப் பிறப்புக் குடியுரிமையைக் குறுக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லாமல், தாய் ஆவணமின்றியோ தற்காலிக விசாவிலோ இருந்தால், அங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்பது அது. மூன்றே நாளில், ரீகன் காலத்தில் நியமிக்கப்பட்ட சியாட்டில் நீதிபதி ஜான் கூகனவர் இது அப்பட்டமாக அரசமைப்புக்கு விரோதம் என்று தடை போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

சண்டை முழுக்க 1898இன் வோங் கிம் ஆர்க் தீர்ப்பைச் சுற்றி. சான் பிரான்சிஸ்கோவில் 1873இல் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் வோங். சீனாவுக்குப் போய்விட்டு 1895இல் திரும்பியபோது, நீ குடிமகன் இல்லை என்று துறைமுகத்தில் நிறுத்தினார்கள். அவருடைய பெற்றோர் எத்தனை ஆண்டு இருந்தாலும் குடிமக்களாகச் சட்டத்தில் வழியே இல்லை. ஆனாலும் 14ஆவது திருத்தத்தின்படி அவர் குடிமகனே என்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பெற்றோர் இங்கே நிரந்தரமாக வசித்தவர்கள், ஆகவே தற்காலிகமாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது என்பது டிரம்ப் அரசின் வாதம்.

எல்லை தாண்டி வந்தவர்களைப் பற்றிய உத்தரவு, நமக்கு என்ன என்று தமிழர்கள் இருந்துவிட முடியாது. எச்-1பி வேலை விசாவில் கணவர், துணைவருக்கான எச்-4 விசாவில் மனைவி என்று நியூ ஜெர்சியிலும் டெக்சாசிலும் வாழும் குடும்பங்கள் அந்த உத்தரவின் வாசகத்துக்குள் நேராக வருகின்றன. காகிதத்தில் அவர்கள் தற்காலிகமானவர்கள். நடப்பில், எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு இல்லை என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை பல ஆண்டுகள் நீள்கிறது. அதற்குள் வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளையை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். வசிப்பிடம்தான் அளவுகோல் என்றால், வோங்கின் பெற்றோரைவிட இவர்கள் எந்த விதத்தில் குறைவாக அங்கே வசிப்பவர்கள் என்பதற்கு அரசின் வாதத்தில் நியாயமான பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.